வங்காநரியின் இடதுபக்கப் பற்கள்

தம்பி,

உன் கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. உடம்பு சௌக்கியம், பெங்களூரில் குளிர் அதிகம், ஒர்க்‌ஷாப்பில் இனிப் பகல் முறைதான் என்றெல்லாம் அகலமாக எழுதிவிட்டு, கடைசி இரண்டு வரியை மட்டும் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறாய். "பெரியப்பா வீட்டு எருது எதனால் செத்தது என்று நேரில் போய் விசாரித்து எழுதவும். அதன் பிறகு முகூர்த்தத்தைப் பற்றி முடிவு செய்துகொள்ளலாம்." கார்டில் இடம் போதாமல் நெருக்கினாயா, எழுதக் கூசி நெருக்கினாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் இரண்டில் எதையும் நான் முடிவுகட்டவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சேந்தமங்கலத்தில் உனக்குப் பெண் நிச்சயம் செய்துவிட்டுப் பெரியப்பாவின் வண்டியில் ராசிபுரம் திரும்பினோம். வழியெல்லாம் கொல்லிமலை வலப்பக்கம் கூடவே வந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாய். மறுநாள் விடிந்தபோது வண்டியில் பூட்டியிருந்த வலத்து எருது தொழுவத்தில் காலை நீட்டிக் கிடந்தது. உன் பெரியம்மா வாசலிலேயே உட்கார்ந்து, "இன்னும் ஊட்டுக்குள்ள கால் வெக்கல, அதுக்குள்ளயே இப்பிடி" என்றாள். அவள் வேறொன்றும் சொல்லவில்லை. மீதியை மற்றவர்கள் சொன்னார்கள். நீ அன்றைக்கே ரயிலேறினாய். பேச்சு பெண் வீட்டுக்கும் எட்டிவிட்டது. போன சந்தையில் அவளுடைய அப்பாவைப் பார்த்தேன். என்னிடம் ஏதோ கேட்க வந்தவர், வெயில் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். வெயிலைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு மனிதர் சந்தையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வரமாட்டார்.

மகனுக்குத் தபாலில் எழுதவேண்டியதை அப்பா பத்திரிகையில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. ஆட்களின் பேர் எதையும் எழுதாமல் விட்டிருக்கிறேன். இந்த மாதிரி விசாரித்து எழுதச் சொல்லும் கார்டுகள் இந்த ஜில்லாவில் நமக்கு மட்டும் வருவதில்லை. உன் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். கதை அவளுடையது. "தாராளமா எழுதுங்க. நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க. நான் அழுவல" என்றாள். அவள் அழவில்லை. எழுதியாயிற்று.

நம் செவ்வாய்ப்பேட்டை வீட்டுப் பரணில், பழைய பிஸ்கட் டின்னுக்குள் பஞ்சில் பொதிந்து இருக்கும் மண்டை ஓடு உனக்கு ஞாபகமிருக்கும். உள்ளங்கை நீளம்கூட முழுசாக இருக்காது. நீ சின்னவனாக இருந்தபோது மழைநாளில் அதைக் கேட்டு அடம்பிடிப்பாய். அம்மா எடுத்துக் கொடுப்பாள். அதன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் ஓட்டுவாய். கண்குழிக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் இருக்கும் துளையில் உன் சுண்டுவிரல் நுனியை நுழைத்து, "இது வழியா என்னம்மா பாக்கும்?" என்று கேட்பாய். "அது வழியாத்தான் சாமி நான் உங்கப்பாவப் பாத்தேன்" என்பாள் அவள். நீ சிரிப்பாய். கீழே மண்டிக்காரர்கள் நனைந்த கடலைக்காய் மூட்டையைப் புரட்டிப் போடும் வாசனை மாடிவரைக்கும் வரும். அந்த வீட்டின் சந்தோஷம் என்று நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்: ஈரக் கடலைக்காய் வாசனை, உன் கையில் வங்காநரியின் தலை. அது எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ பிறப்பதற்குச் சில வருஷம் முந்திய பொங்கல். நான் அப்போது இதே பத்திரிகைக்கு வெளியூர்ச் சேதி சேகரிப்பவன். வாழப்பாடிப் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் காணும் பொங்கலன்று வங்காநரி விடும் வழக்கம் உண்டு. புதர்க்காட்டில் வலை கட்டி ஒரு நரியை உயிரோடு பிடித்து வருவார்கள். கடிக்காமலிருக்க வாயை நூலால் கட்டி, மாலை போட்டு, காலில் கயிறு கோத்து, கோவிலைச் சுற்றி ஓடவிட்டு, பிறகு பிடித்த காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு அதன் முகத்தில் விழித்தால் வருஷம் நல்ல வருஷம். நரி முகம் பார்க்காமல் யாரும் அடுத்த வெள்ளாமைக்கு ஏர் எடுப்பதில்லை. அதைப் பார்த்து எழுதத்தான் நான் போனேன்.

உன் அம்மாவின் ஊரில் இதற்கு மேலே ஒரு கட்டுப்பாடும் இருந்தது. பிடித்த நரியைக் காணும் பொங்கல் வரைக்கும் முறைக்கார வீட்டில் கோழி மூடும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே வேட்டியைப் போர்த்தி வைப்பார்கள். அந்த நாட்களில் முறைக்கார வீட்டில் தீனி போடும் ஒருவரைத் தவிர வேறு யாரும் அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தின் பலன் முன்கூட்டியே சிந்திவிடும் என்பார்கள். அந்த வருஷம் முறை உன் தாத்தா வீட்டுக்கு. தீனி போடும் வேலை உன் அம்மாவுக்கு. கெங்கவல்லிப் பக்கம் ஒரு பெரிய குடும்பத்தில் அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. பொங்கல் முடிந்ததும் கல்யாணம்.

காணும் பொங்கலன்று காலையில் நான் ஜட்காவை விட்டு இறங்கியபோது கோவில் திடலில் மேளம் இருந்தது, ஆனால் அடிக்கவில்லை. ஜனம் இருந்தது, பேச்சில்லை. நரி விடியும்போதே பஞ்சாரத்துக்குள் செத்துவிட்டது. ஊர்ப் பெரியதனக்காரர் வேட்டியை விலக்கிப் பார்த்தாராம். விலா எலும்பு தெரிய மெலிந்து, வாய்க்கட்டு அப்படியே கிடந்தது. அவ்வளவு போதுமானதாக இருந்தது. கடிக்குப் பயந்து கட்டை அவிழ்க்கவே இல்லை, பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள் என்று ஒருவர் சொன்னதை அடுத்தவர் கண்ணால் பார்த்த மாதிரிச் சொன்னார். அவள் கட்டை அவிழ்த்ததற்குச் சாட்சி கிடையாது. யாரும் பார்க்கக் கூடாது என்று ஊரே வைத்த கட்டுப்பாடு அல்லவா? திடலில் ஒரு பெண்பிள்ளை கழுத்தை நொடித்துக்கொண்டு, "தெனமும் நரி மூஞ்சியில முழிச்சவளாச்சே, மவராசி. ஊரு பலனெல்லாம் அவ ஒருத்தியே அள்ளிக்கிட்டா" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

நான் எழுதி அனுப்பியது ஒன்றரை வரி. நரி இறந்துவிட்டபடியால் இவ்வாண்டு அவ்வூரில் விழா நடைபெறவில்லை என்று. அதில் ஒரு பெருமையும் இல்லை. காரணம் எனக்குத் தெரியாது. வெயிலேறுமுன் ஜட்கா திரும்ப வேண்டும். பசி வேறு.

அதன் பிறகு மழை ஏமாற்றியது. கடலைக்காய் பூ வைத்ததோடு சரி. கெங்கவல்லிக்காரர்கள் நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வெள்ளாமை போன சேதி எழுதுவதற்காக மறுபடி அந்தப் பக்கம் போனபோது உன் தாத்தா வழியில் என்னை நிறுத்தினார். "பேப்பர்காரரே, எம்புள்ள உங்களப் பாக்கோணுங்குது. ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க" என்றார். போனேன். உன் அம்மா உள்ளேயிருந்து வாழைச்சருகில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலின் மேல் வைத்துப் பிரித்தாள். இந்த மண்டை ஓடு, பக்கத்தில் கீழ்த்தாடையின் பாதி. நரியைப் புதைத்த இடத்தைத் தானே தோண்டி, புற்று மண்ணை உதறி, வேப்பங்குச்சியால் ஒவ்வொரு பல்லிடுக்காகச் சுத்தம் செய்து வைத்திருந்தாள்.

"என்கிட்ட எதுக்குங்க இத?" என்றேன்.

"ஊர்ல எல்லாரும் காரணம் சொன்னாங்க. நீங்க எழுதுனதுல மட்டும் காரணம் இல்லைங்க. அதான்" என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்ன விதத்தை இன்றைக்கும் என்னால் அப்படியே திருப்பிச் சொல்ல முடியும். "காலையிலயும் பொழுதடையவும் வாய்க்கட்ட அவுத்தேன். கோழிக்கறி வச்சேன். மோந்துச்சு, எடுக்கல. முட்டையப் போட்டு ஒடச்சேன், கொஞ்சம் நக்குச்சு. எடதுகண்ணுக்குக் கீழ வீங்கி இருந்துச்சு. அத வலை கட்டுனவங்ககிட்டச் சொல்லப் போனேன். மூஞ்சியப் பத்திப் பேசாத புள்ளன்னு காதப் பொத்திக்கிட்டாங்க. கட்டத் திரும்பப் போட்டது நாந்தானுங்க. எறுக்கிப் போடல. ஆனா வீங்குன எடத்துல நூலு பட்டா வலிச்சிருக்கும். அது ஏன் தின்னலைன்னு எனக்குத் தெரியாது. உள்ளார என்னமோ இருந்திருக்குது. அது என்னன்னு யாராச்சும் பாத்துச் சொன்னாப் போதும். எம்பக்கம் பேசச் சொல்லலைங்க."

தம்பி, அதற்குள் எத்தனையோ பேரிடம் சேதி கேட்டு எழுதியவன் நான். தாசில்தார் முதல் திருட்டுக் கொடுத்தவன் வரை யாரும் ஒரு சம்பவத்தை இப்படிச் சொன்னதில்லை. பார்த்தது இது, செய்தது இது, தெரியாதது இது என்று பிரித்து, தனக்குப் பாதகமான வாய்க்கட்டையும் ஒளிக்காமல். சேலத்தில் மாட்டு டாக்டரிடம் காட்டுகிறேன் என்று நான் ஓட்டைச் சருகில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்த உன் தாத்தாவிடம், நாம் ஒரே இனம்தான், என் அண்ணன் ராசிபுரத்தில் இருக்கிறார், சம்மதமானால் பெண் கேட்டு வரச் சொல்கிறேன் என்றேன். திட்டம் போட்டுச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது.

அவர் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "மொதல்ல அந்த டாக்டரு என்ன சொல்றாருன்னு பாத்துக்கலாமுங்க" என்றார். ஊர்ப் பேச்சு சொந்தத் தகப்பனையே அந்த அளவுக்கு அரித்திருந்தது.

"டாக்டர் சொல்றது பத்திரிகைக்குங்க. நான் கேக்குறது எனக்கு" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது. "டாக்டரு வேற மாதிரி சொல்லிட்டாருன்னா?"

"அப்ப என்ன பண்ணுவேன்னு தெரியலைங்க" என்றேன். பெண் கேட்க வந்தவன் சொல்லக்கூடிய பதிலா அது? உன் தாத்தா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். உள்ளே அவள் சிரித்த சத்தம் கேட்டது. நான் முகம் பார்த்துப் பேசியது கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்தச் சிரிப்பு ஜட்கா சேலம் வந்து சேரும்வரைக்கும் கூடவே வந்தது.

சேலம் மாட்டாஸ்பத்திரியில் அப்போது தஞ்சாவூர்ப் பக்கத்து டாக்டர் ஒருவர் இருந்தார். வேலையை விடப் பேச்சு அதிகம், ஆனால் வேலை சுத்தம். அவர் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு நாய் மண்டை ஓடு உட்கார்ந்திருக்கும். சருகைப் பிரித்ததும், "யாரய்யா இது?" என்றார்.

"வங்காநரி."

"நீர் சொன்னால் ஆயிற்றா? உங்கள் ஊரில் நாளைக்கு எவனாவது நாய்த்தலை என்பான். நாயா நரியா என்று முதலில் தீர்த்துக்கொள்ளுவோம். பல்லை எண்ணிப் பிரயோசனமில்லை. இரண்டுக்கும் நாற்பத்திரண்டுதான்." நாய் மண்டையை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். மூக்கெலும்பு நாய்க்குத் தடித்து முட்டுகிறது, இதற்கு மெலிந்து நீண்டு போகிறது. கோரைப்பல் நாய்க்குக் கட்டை, இதற்கு ஊசி. நாயின் உச்சியில் எலும்பு வரப்புக் கட்டினாற்போல் எழும்புகிறது. இதில் இரண்டு மெல்லிய கோடுகள் நெற்றியிலிருந்து தனித்தனியாகப் போய்ப் பின்னால்தான் நெருங்குகின்றன. கவிழ்த்துக் காட்டினார். காதுக்கு அடியில் இரண்டு எலும்புக் கொப்புளங்கள், மெல்லிய ஓடு, உள்ளே காலி. "மண்ணுக்கடியில் கரையான் நடக்கிற சத்தத்தை இதில்தான் வாங்கிக்கொள்ளும். தலை இத்தனூண்டு, அதற்கு இவ்வளவு பெரிய கொப்புளம். நாய்க்கு இந்தக் கொடுப்பினை இல்லை." பிறகு என் விரலைப் பிடித்துக் கண்குழிக்குப் பின்னால், பக்கவாட்டில் முனை நீட்டிய எலும்பின் மேல் வைத்தார். அங்கே லேசான ஒரு பள்ளம். ஈர மண்ணில் குழந்தை விரல் வைத்து எடுத்த மாதிரி. நாயில் அதே இடம் மேடாக உருண்டிருந்தது. "இது நரிச்சாதிக்கு உள்ள முத்திரை. வங்காநரிதான், எழுதிக்கொள்ளும்" என்றார்.

பிறகு துளைக்கு வந்தார். அப்போது அவர் பேச்சு குறைந்துவிட்டது. இடது கண்குழிக்கு நேர் கீழே, கறி அறுக்கும் பெரிய கடைவாய்ப்பல்லின் வேருக்கு மேலே அது இருந்தது. விளிம்பு கூராக இல்லை, மழுங்கி, சுற்றிலும் எலும்பு சல்லடை மாதிரிப் பொரிந்திருந்தது. "வேரில் சீழ் கட்டி எலும்பைத் தின்று வெளியே வந்திருக்கிறது. அடிபட்டு உடைந்தால் விளிம்பு வெட்டின மாதிரி இருக்கும். இப்படி மழுங்க எலும்புக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு பொங்கலுக்குள் ஆகாது." வலப்பக்கக் கடைவாய்ப்பற்களைக் காட்டினார். உரல்குழி போலத் தேய்ந்திருந்தன. இடப்பக்கப் பற்கள் கூர் குறையாமல், ஆனால் ஊத்தை படிந்து கருத்திருந்தன. "பார்த்தீரா? நோவெடுத்த பக்கம் மெல்லவே இல்லை. மெல்லாத பல் தேயாது. வலப்பக்கத்தையே வைத்து எத்தனையோ நாள் ஓட்டியிருக்கிறது, பாவம். கரையான், இலந்தைப்பழம், இப்படி மெத்தென்று ஏதாவது. ஓட முடிகிற நரியா இது? அதனால்தான் முதலில் வலையில் விழுந்திருக்கிறது."

"அப்ப அந்தப் பொண்ணு மேல குத்தமில்லைன்னு எழுதலாமா?" என்றேன்.

"அது எழுதாதேயும். எதனால் செத்தது என்று நான் சொல்லவில்லை. எதனால் தின்னவில்லை என்றுதான் சொன்னேன். நோவான வாயைக் கட்டி வைத்தார்களே, அந்த மகானுபாவர்களையும் சேர்த்து எழுதும்."

நாய் மண்டையையும் இரவல் கொடுத்தார். இரண்டு தலைகளோடு நான் அந்த ஊருக்குப் போனேன். திடலில் ஊர் கூடியது. நான் டாக்டர் சொன்னதைப் படிக்கலாம் என்று காகிதத்தை எடுத்தேன். உன் அம்மா, "குடுங்க, நானே சொல்றேன்" என்று வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தாள். எதிர்பார்த்தபடியே, பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏதோ தெருநாய்த் தலைய எடுத்தாந்துட்டு" என்றார். அவள் மடியிலிருந்து ஒரு பிடி கேழ்வரகு எடுத்தாள். நாய் மண்டையில் கண்குழிக்குப் பின்னாலுள்ள மேட்டில் ஒரு மணியை வைத்தாள். உருண்டு விழுந்தது. இன்னொன்று வைத்தாள். அதுவும் விழுந்தது. நரி மண்டையில் வைத்த மணி பள்ளத்தில் நின்றது. "யாரு வேணா வந்து வச்சுப் பாருங்க" என்றாள். பெரியதனக்காரர் எழுந்து வந்து வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நின்ற மணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட கிழவனாரைப் பார்த்து ஜனம் சிரித்தது. டாக்டர் இந்த வித்தையைச் சொல்லவில்லை. விரலால் தொட்டுப் பார்த்த பள்ளத்தை நான் எழுதியிருந்தேன். அதை ஊருக்கே காட்ட வழி கண்டுபிடித்தவள் அவள்.

அவள் துளையைக் காட்டிப் பல் நோவைச் சொன்ன பிறகும் பெரியதனக்காரர் லேசில் விடவில்லை. "நோவெடுத்த பல்லுன்னா இந்தப் பக்கத்துப் பல்லு கூராக் கெடக்குதே?" என்று இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்க சோத்த எந்தப் பக்கம் வச்சு மெல்லுவீங்க மாமா?" என்றாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். அவருடைய ஒரு பக்கக் கடைவாய்ப்பல் சொத்தை என்பது ஊருக்கே தெரியும். "இந்தப் பக்கந்தான்" என்று மறுபக்கக் கன்னத்தைத் தொட்டார்.

"அது மாதிரித்தானுங்க அதுவும். நோவுற பக்கம் மெல்லல, அதான் தேயல."

அவர் துளையை விரலால் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "வாயைக் கட்டுறப்பவே பல்லப் பாத்திருக்கோணும்" என்றார். "மூஞ்சியப் பாக்காம பல்ல மட்டும் எப்பிடிங்க பாக்குறது?" என்று வலை கட்டினவர்களில் ஒருவன் கேட்டான். அடுத்த வருஷத்திலிருந்து வாயைக் கட்டுமுன் பல் பார்த்து, நோஞ்சான் நரியை விட்டுவிடுகிறார்கள். அதற்காக ஒருவரைத் தனியாக நியமித்திருக்கிறார்கள். முகத்தைப் பற்றி மற்றவர்களிடம் அவர் பேசக் கூடாது என்பது மட்டும் மாறவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கெங்கவல்லிக்காரர்கள் சேதி கேள்விப்பட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா பழம், பூவோடு வந்து, ஏதோ போதாத காலம், எல்லாம் தெளிந்துவிட்டது, பிள்ளை மேல் குற்றமில்லை என்று ஆகிவிட்டது, பழைய பேச்சுப்படியே முடித்துக்கொள்ளலாம் என்றார். பெரிய இடம். காடு, கிணறு, வண்டி எல்லாம் உண்டு. என்னிடம் இருந்தது ஒரு பேனா, ஒரு குடை, வாடகைக்கு ஒரு மாடி. நான் அங்கேதான் இருந்தேன். நாய் மண்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு இன்னும் கிளம்பாமல் இருந்தேன். உன் தாத்தா கண் கலங்கிப் போய் உள்ளே பார்த்தார். உன் அம்மா வெளியே வந்து கையைக் கூப்பினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வேண்டாமுங்க."

"ஏன் தாயி? இப்பத்தான் குத்தமில்லேன்னு ஆகிப்போச்சே" என்றார் அவர்.

"ஆமாங்க. குத்தமில்லேன்னு தீர்ப்பாகி ஒரு ஊட்டுக்குள்ள போறதாங்க? நாளைக்கு உங்க ஊட்டுல ஒரு ஆடு செத்தா நான் அதுக்கும் மண்டையத் தோண்டோணுமே" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து முடித்தவள் மாதிரிச் சொன்னாள். அவர் பழத்தையும் பூவையும் வைத்துவிட்டே போய்விட்டார். திருப்பி எடுத்துப் போக அவருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

அடுத்த வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. நாய் மண்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டாக்டர், "இன்னொன்று எங்கேய்யா?" என்றார். "வீட்டில் இருக்கிறது" என்றேன். "நல்லது. வீட்டில் யார்மேலாவது குற்றம் சொல்லுமுன் அதன் பல்லை ஒரு தடவை பார்த்துக்கொள்ளும்" என்றார். கல்யாணமான புதிதில் ஒருநாள் உன் அம்மாவிடம், நான் அன்று வாசலில் சொன்ன பதில் பிடித்ததா என்று கேட்டேன். "பதிலு நல்லாவே இல்ல. ஆனா டாக்டருகிட்டப் போறதுக்கு முன்னாடியே பொண்ணு கேட்டீங்க பாருங்க" என்றாள். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. தேவைப்படவில்லை. அந்த வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவன் நீ. பால் திரிந்தாலும், நீ கீழே விழுந்தாலும், நான் வேலையில் ஏச்சு வாங்கி வந்தாலும், இது யாருடைய ராசி என்ற பேச்சு அந்த மாடியில் ஒரு நாளும் எழுந்ததில்லை. எழாத பேச்சைக் கவனிப்பது கஷ்டம். அதனால் நீ அதைக் கவனிக்காமலே வளர்ந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அது எங்கள் தவறு. டின்னைத் திறந்து காட்டியபோதே கதையையும் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது எருதின் விஷயம். நீ கேட்டபடி நேரில் போனேன். கரியில் ஓடுகிற பஸ் ஆண்டகளூர் மேட்டில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். உன் பெரியப்பாவிடம் தனியாகப் பேசினேன். மாட்டு வைத்தியரிடம் தனியாக. தோலுரித்தவரிடம் தனியாக. வயிற்றைக் கீறியபோது என்ன இருந்தது என்று அவர் கையால் காட்டினார். மூன்று பேர் சொன்னதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. சந்தேகத்துக்கு இடமில்லை. அந்த எருது எதனால் செத்தது என்று எனக்குத் தெரியும்.

அதை உனக்கு நான் எழுதப் போவதில்லை. இதில் மட்டுமல்ல, தபாலிலும் எழுத மாட்டேன். நீ முகூர்த்தத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், உன் முடிவு என் கைக்கு வரும்வரைக்கும் அது என்னிடமே இருக்கும். எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். எருதின் வயிற்றைக் கேட்டுவிட்டு நீ ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருவாய். அவளும் தீர்ப்பாகி வருவாள். கொல்லிமலையைப் பார்த்துக்கொண்டு நீ சிரித்தபடி வந்தாயே, அந்தச் சிரிப்பு எருது சாவதற்கு முன்னால் வந்தது. அதற்குள் உனக்கு அவளைப் பற்றி என்ன தெரிந்திருந்ததோ, இப்போதும் அதே அளவுதான் தெரியும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு முடிவு செய் சாமி. உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் அதையும் நீயே எழுது. எருதின் மேல் போடாதே.

ராசிபுரத்திலிருந்து நான் திரும்பி வந்தபோது உன் அம்மா கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். பஸ் ஏன் தாமதம் என்று கேட்டாள். மேட்டில் தள்ளியதைச் சொன்னேன். எருதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது, பந்தலுக்குக் கீற்றுச் சொல்லி அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.